பெயர்க் கட்டம்

மழை. இன்றைக்கு வெட்டு இல்லை.
குழித்துறை நகராட்சி ஆபீசில்
குடையை மடக்கிக்கொண்டு நிற்கிறேன்.
பிறந்து பதினோரு மாசம் இருபத்தாறு நாள்.
அப்பா டென்னிசன், அம்மா ரெஜிலா,
இடம் மார்த்தாண்டம், எல்லாம் தாளில் உண்டு.
குழந்தையின் பெயர் என்ற கட்டம் மட்டும்
கத்தி படாத ரப்பர் மரம்போல வழவழவென்று கிடக்கிறது.

“அடுத்த வாரம்னா பைன் கட்டணும், கேட்டீரா”
என்கிறார் கிளார்க்.
அவர் பையன்கள் ஷிபின், சுபின்.
மூன்றாவது பிறந்திருந்தால் ஜிபின்.

பேருக்குப் பஞ்சமில்லை.
அண்டியாபீசில் ரெஜிலாவோடு தொலி உரிக்கிறவர்கள்
ஆளுக்கு நாலு சொன்னார்கள்.
ஒருத்தி எங்கள் இரண்டு பேரையும் உடைத்து
ரெஜிடென் என்று ஒட்டிப் பார்த்தாள்.
“வயித்துவலி மாத்திரைபோல இருக்கு” என்றாள் ரெஜிலா.
என் அப்பா தன் அம்மையின் பேரை,
நேசம்மாள் என்று, ஒரேயொரு தரம் சொல்லிவிட்டு
நாலு ஞாயிறு எங்கள் முகத்தைப் பார்த்தார்.
அப்புறம் பார்க்கவில்லை.

நானும் தேடினேன், விடியுமுன்னே
தலையில் லைட்டும் கையில் கத்தியுமாய்.
முந்நூற்றிருபது மரம், மரத்துக்கு ஒரு பேர்.
பட்டையைச் சீவி, பால் எட்டிப்பார்க்கும் வரைக்கும்
வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன்.
இருட்டில் அழகாய் இருப்பதெல்லாம்
சிரட்டை நிறையுமுன் புளித்துப்போகும்.

உள்ளதைச் சொன்னால்
எனக்குப் பிடித்த பேர் ஒன்றுதான்.
பைபிளின் கடைசித் தாளில், பென்சிலில்,
ரெஜிலாவின் கையெழுத்தில், நாலு வருஷமாய் இருக்கிறது.
ஆசாரிப்பள்ளத்தில் இரண்டு ராத்திரி
கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவளுக்கு எழுதியது.
அவள் காலில் கட்டிய சீட்டில்
‘ரெஜிலாவின் குழந்தை’ என்றுதான் இருந்தது.
அந்தப் பேரை யாரும் சத்தமாய்க் கூப்பிடவில்லை.
ஞானஸ்நானத் தண்ணீர் படவில்லை, வருகைப் பதிவேட்டில் ஏறவில்லை.
புத்தம்புதுசாய்த்தானே இருக்கிறது என்று
ஒருநாள் சோறு தின்னும்போது கேட்டுவிட்டேன்.

அவள் கை நிற்கவில்லை.
சாளை மீனின் முள்ளை எடுத்துக்கொண்டே
“அது அவளுக்க பேரு” என்றாள்.
மூன்று நாள் வீட்டில்
பாத்திரங்கள் மட்டும் பேசின.

அதற்குள் பிள்ளை நீந்தி, பிடித்து நின்று,
அடுக்களைப் படியையும் தாண்டிவிட்டாள்.
எங்கள் ஊரில் பேரில்லாமலே பிள்ளை வளரும்.
மக்களே, வாயத் தொற. மக்களே, அங்க போவாத.
ஒரு பிள்ளையைக் கூப்பிட
எதற்கு இந்தப் பன்மை என்று நான் யோசித்ததே இல்லை.
இப்போது யோசிக்கிறேன்.
தூக்கத்தில் ரெஜிலா ‘மக்களே’ என்று முனகும்போது
எத்தனை பேரைக் கூப்பிட்டாள் என்று
எழுப்பிக் கேட்பதில்லை.

நேற்று ராத்திரி தகரத்தில் மழை கொட்ட
அவளே சொன்னாள்: ஆன்சி.
அர்த்தம் என்ன என்றேன்.
“அர்த்தம் என்னத்துக்கு?
ஈ-யில முடிஞ்சா சத்தம் ஓடையத் தாண்டும்.
நீங்க தோட்டத்துல நின்னு விளிச்சா
அவளுக்குக் கேக்கணும்லா.”

“ரெண்டு சுழியா, மூணு சுழியா?” கிளார்க் கேட்கிறார்.
ரெண்டு.
“சி-க்குக் கொம்பு நீட்டணுமா?”
வேண்டாம். நீட்டுகிறதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஓடைக்கு இந்தப் பக்கம் இறங்கி நிற்கிறேன்.
தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
ஆன்சீ என்று ஒரு தரம்.
முற்றத்தில் ரெஜிலா திரும்புகிறாள்,
கோழி திரும்புகிறது.
இடுப்பில் இருக்கிறவள்
அம்மையின் தாலிக்கொடியைச் சவைத்துக்கொண்டிருக்கிறாள்.

பரவாயில்லை.
நாளைக்கும் மழை என்கிறார்கள்.